கணினியில் ஓடும் உடல்: பெங்களூருவில் பயோமெக்கானிக்ஸ் வேலைக்குத் தயாராவது எப்படி?

2025 ஜூலை 5 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியத்தில், தன் பெயரிலேயே நடந்த போட்டியில் 86.18 மீட்டர் எறிந்து வென்றார் நீரஜ் சோப்ரா. கூட்டம் ஈட்டியைப் பார்த்தது. பார்க்க வேண்டியது இடது காலை. ஓடி வந்த உடலை அந்தக் கால் ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் நிறுத்துகிறது. நின்றுபோன வேகம் இடுப்பு, மார்பு, தோள், முழங்கை என்று ஏறிக் கடைசியில் ஈட்டிக்குப் போய்ச் சேருகிறது. 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் 87.58 மீட்டருக்குத் தங்கம் வாங்கியபோது அவருடைய பயிற்சியாளராக இருந்த ஜெர்மானியர் கிளாஸ் பார்டோனியெட்ஸ் ஒரு பயோமெக்கானிக்ஸ் நிபுணர். உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் துறை அது. அந்தக் கணக்கைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை.

கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரில் இந்தியாவில் இருக்கும் பணியிடங்கள் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்த வேலைகள். நல்ல செய்தி, விண்ணப்பிப்பவர்களில் மென்பொருளை ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய, அது தரும் விடை பொய்யா என்று பிடிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம். இரண்டாவது கூட்டத்தில் சேருவதற்குத்தான் வழி தேட வேண்டும்.

இரண்டு திசைக் கணக்கு

ஓட்டம் நடந்து முடிந்துவிட்டது. கேமராக்களும் தரையில் பதித்த ஃபோர்ஸ் பிளேட்டும் பதிவு செய்துவிட்டன. அந்தப் பதிவிலிருந்து பின்னோக்கிப் போய், எந்த மூட்டில் எவ்வளவு திருப்புவிசை இருந்தது என்று கண்டுபிடிப்பது இன்வர்ஸ் டைனமிக்ஸ். இந்திய ஆய்வகங்களின் அன்றாட வேலை பெரும்பாலும் இதுதான். திருப்புவிசையை நாமே கொடுத்து, உடல் எங்கே போய் நிற்கும் என்று சமன்பாடுகளை முன்னோக்கி ஓட்டுவது ஃபார்வர்ட் டைனமிக்ஸ். சிமுலேஷன் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி இதற்கே உண்டு. “இப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்ற கேள்விக்கு இங்கேதான் விடை கிடைக்கும்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் புரோடுனோவா வால்ட்டில் இறங்கி, 15.066 புள்ளியோடு நான்காம் இடம் பிடித்தார். வெண்கலம் 0.150 புள்ளியில் போயிற்று. அந்த வால்ட்டில் கை மேசையை விட்டு எழும்பிய கணத்திலேயே உடலின் கோண உந்தம் முடிவாகிவிடுகிறது. காற்றில் அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. சுருண்டால் வேகமாகச் சுழலலாம், விரிந்தால் மெதுவாக. அவ்வளவுதான் கையில் இருக்கும் உரிமை. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து இறங்க வேண்டுமென்றால் மாற்ற வேண்டியது எதை: ஓட்டத்தின் வேகத்தையா, மேசையில் கை பதியும் கோணத்தையா, விரியும் நேரத்தையா? தலைகீழாக விழுந்தால் கழுத்து போகும் ஒரு வால்ட்டில் இதை வீராங்கனையின் உடலை வைத்துச் சோதிக்க எந்தக் கோச்சுக்கும் மனம் வராது. மாடலை வைத்து ஆயிரம் முறை சோதிக்கலாம்.

இந்த வகை ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெட் யேடன். 1990-இல் வெளியான அவருடைய தொடர் கட்டுரைகளில் உடல் 11 செக்மென்ட்களாக, அதாவது துண்டுகளாக, பிரிகிறது. ஒருவரின் மாடலைக் கட்ட 95 அளவுகள் வேண்டும். டெய்லர் அளவெடுப்பதுபோல் டேப்பைச் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டியதுதான். பழைய கட்டுரைகள்தானே என்று ஒதுக்காதீர்கள். அவற்றைப் படித்து, அதில் உள்ளதைத் தானே நிரல் எழுதி ஓட்டிப் பார்த்தவரையும், யூடியூப் பாடம் பார்த்து ஓப்பன்சிம் என்ற மென்பொருளில் பொத்தான் அழுத்தியவரையும் நேர்முகத் தேர்வில் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

யாருடைய தொடை?

மாடலுக்கு முதல் தேவை ஒவ்வொரு செக்மென்ட்டின் எடையும், எடை மையமும், நிலைமத் திருப்புத்திறனும். உயிரோடு இருப்பவரின் காலைக் கழற்றி எடை போட முடியாது, ஆகவே அட்டவணை. புதியவர்கள் சறுக்கும் இடம் இது.

பாடப்புத்தகங்களில் அதிகம் பார்க்கும் எண்கள் 1955-இல் டெம்ப்ஸ்டர் எட்டு ஆண் சடலங்களை அறுத்து அளந்ததிலிருந்து வந்தவை. அதன்படி ஒரு தொடை உடல் எடையில் 10 சதவீதம், நடுவுடல் 49.7 சதவீதம். சோவியத் ஆய்வாளர்களான சட்சியோர்ஸ்கியும் செலுயானோவும் உயிருள்ள இளைஞர்களைக் காமா கதிரால் ஸ்கேன் செய்து எடுத்த எண்களை 1996-இல் டி லேவா திருத்தி வெளியிட்டார். அதில் ஆணின் தொடை 14.16 சதவீதம், நடுவுடல் 43.46. ஒருவர் தொடை மெலிந்தது, இன்னொருவர் தொடை தடித்தது என்பதல்ல காரணம். இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே கோடு போட்ட இடம் வேறு.

இப்போது ஒருவர் நடுவுடலை ஒரு புத்தகத்திலிருந்தும் தொடையை இன்னொரு புத்தகத்திலிருந்தும் எடுத்து மாடல் கட்டுகிறார் என்று வையுங்கள். இரண்டு தொடையிலும் சேர்த்து 8.3 சதவீதம் கூடிவிடும். 60 கிலோ வீராங்கனை கணினியில் 65 கிலோ ஆகிவிடுவார். திரையில் பொம்மை அழகாகத்தான் ஓடும். சிவப்பு எச்சரிக்கை எதுவும் வராது. எல்லாச் செக்மென்ட்களையும் கூட்டினால் 100 வருகிறதா என்று பார்க்கும் ஒரு வரியை நிரலில் எழுதி வைத்திருப்பவரை நான் உடனே வேலைக்கு எடுப்பேன்.

அட்டவணையைச் சரியாக எடுத்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். பெங்களூருவில் உங்கள் முன் நிற்கப்போவது பதினாறு வயது ஹாக்கி வீராங்கனையாக இருக்கலாம். முதிய அமெரிக்கச் சடலங்களின் விகிதம் அவருக்கு எவ்வளவு பொருந்தும்? எண்ணைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தி மாடலை மறுபடி ஓட்டுங்கள். முடிவு மாறவில்லையென்றால் நிம்மதி. தலைகீழாக மாறினால் அந்த முடிவைக் கோச்சிடம் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு மில்லிமீட்டர் செய்யும் கூத்து

உடலில் ஒட்டி, கேமராவில் பிடித்த மார்க்கர் கொஞ்சம் நடுங்கும். தோலோடு ஒட்டியிருக்கிறது, தோல் எலும்பின் மேல் வழுக்குகிறது. இடத்திலிருந்து முடுக்கத்துக்குப் போக இரண்டு முறை வகையிட வேண்டும், வகையிடும்போது நடுக்கம் பெருகும். ஒரு மில்லிமீட்டர் நடுக்கம் 10 ஹெர்ட்ஸில் இருந்தால் அது ஏறக்குறைய 4 மீட்டர்/விநாடி² பொய் முடுக்கமாகிறது. அதே நடுக்கம் 20 ஹெர்ட்ஸில் இருந்தால் கிட்டத்தட்ட 16. புவியீர்ப்பு முடுக்கத்தை விடவே அதிகம். ஆகவே ஃபில்டர் போட வேண்டும். அதிகம் போட்டால் உண்மையான உச்சமும் வழித்துக்கொண்டு போய்விடும்.

எந்த அதிர்வெண்ணில் வெட்டுவது என்பதற்கு மந்திர எண் கிடையாது. பல எண்களில் வெட்டிப் பார்த்து, மிச்சம் எப்படி மாறுகிறது என்று வரைந்து முடிவெடுக்கும் வழக்கம் உண்டு. அதைச் செய்து பழகுங்கள். இன்னொன்று: மார்க்கர் தரவை 10 ஹெர்ட்ஸிலும் ஃபோர்ஸ் பிளேட் தரவை 50 ஹெர்ட்ஸிலும் வெட்டினால், கால் தரையில் மோதும் கணத்தில் முழங்காலில் ஒரு பெரிய திருப்புவிசை முளைக்கும். அது மூட்டில் இல்லை, உங்கள் வடிகட்டலில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வெட்டு.

மோதலில் இன்னொரு தந்திரமும் ஒளிந்திருக்கிறது. செக்மென்ட் என்று நாம் சொல்வது கல் இல்லை. எலும்பு சட்டென்று நின்றாலும் தசையும் கொழுப்பும் சற்றுத் தாமதித்தே நிற்கும். முழுக்க இறுகிய துண்டுகளாக மாடல் கட்டினால், குதித்து இறங்கும்போது மூட்டு விசைகள் ஊதிப் பெருகும். அதற்காகவே தசைப் பகுதியைத் தனியாக ஸ்பிரிங்கில் தொங்கவிடும் ‘வாப்ளிங் மாஸ்’ மாடல்கள் வந்தன. வேகப்பந்து வீச்சில் முன்கால் ஊன்றும் கட்டத்தை லஃப்பரோவில் மார்க் கிங், பால் ஃபெல்டன் போன்றவர்கள் சிமுலேஷன் செய்ததைப் படிக்கும்போது இதைக் கவனியுங்கள். முன்கால் ஊன்றிப் பந்து விடுபடும்வரை ஏறத்தாழ 0.1 விநாடிதான். அதற்குள் உடல் எடையைப் போல் பல மடங்கு விசை காலில் ஏறுகிறது. முன் முழங்காலை நீட்டி வைத்தால் பந்துக்கு வேகம் கூடுகிறது என்பது அவர்களின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்தது. அதே கணத்தில் முதுகெலும்பு என்ன விலை கொடுக்கிறது என்பது அடுத்த கேள்வி. பும்ராவின் முதுகு 2022-23இல் எவ்வளவு நாள் அவரை வெளியே உட்கார வைத்தது என்று கிரிக்கெட் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் புராஜெக்ட்

முழு உடலோடு தொடங்காதீர்கள். இரண்டு துண்டு போதும்: தோளிலிருந்து தொங்கும் மேற்கையும் முன்கையும். சமன்பாட்டைத் தாளில் நீங்களே எழுதுங்கள். லெக்ராஞ்சு முறையோ கேன் முறையோ, எது கைவருகிறதோ அது. பைத்தானில் சைம்பை கொண்டு சரிபார்த்து, சைபையில் ஓட்டுங்கள். எல்லாம் இலவசம். பிறகுதான் ஓப்பன்சிம், முஜோகோ. இவையும் இலவசமே. மாட்லாப் உரிமம் இல்லையென்று வருந்தி ஒரு செமஸ்டரை வீணாக்க வேண்டாம்.

ஓடியதா? இப்போது அதை உடைக்கப் பாருங்கள். திருப்புவிசையும் உராய்வும் இல்லாமல் ஓட்டினால் மொத்த ஆற்றல் மாறாமல் இருக்க வேண்டும். கால இடைவெளியைப் பாதியாக்கினால் விடை அப்படியே நிற்க வேண்டும். இடமும் வலமும் மாற்றிப் போட்டால் கண்ணாடி பிம்பம் வர வேண்டும். மாடலைக் காற்றில் எறிந்தால் எடை மையம் 9.81 மீட்டர்/விநாடி² முடுக்கத்தில் விழ வேண்டும், கோண உந்தம் மாறாமல் இருக்க வேண்டும். ஓப்பன்சிம்மில் உண்மைத் தரவை ஓட்டும்போது, கணக்கு பொருந்துவதற்காக இடுப்பில் மென்பொருளே சேர்க்கும் ‘ரெசிடுவல்’ விசை வெளி விசையின் உச்சத்தில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தக் குழுவினரே 2015-இல் கொடுத்த வழிகாட்டல். அந்த எண்ணைச் சொல்லாமல் முடிவை மட்டும் காட்டும் ஆய்வேட்டை எச்சரிக்கையாகப் படியுங்கள்.

கால் தரையைத் தொடும் மாடலில் ஒரு தொல்லை கூடுதல். தரையை விறைப்பான ஸ்பிரிங்காக வைத்தால் சாதாரண ருங்கே-குட்டா முறை மூச்சுத் திணறும், அல்லது பொம்மை விண்ணில் பறக்கும். இப்படிப் பறந்த பொம்மையின் வீடியோவை அழிக்காமல் வைத்திருங்கள். ஏன் பறந்தது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். உங்கள் விண்ணப்பத்திலேயே படிக்கத் தகுந்த பத்தி அதுவாக இருக்கும்.

முரளியின் முழங்கை

இந்தத் துறையை யாருக்காவது விளக்க வேண்டுமானால் முத்தையா முரளிதரனைச் சொல்லுங்கள், வேறு உதாரணம் வேண்டாம். 1995 பாக்ஸிங் டே டெஸ்டில் நோ-பால் கொடுக்கப்பட்ட கை அது. பிறவியிலேயே முழுக்க நீட்ட முடியாத முழங்கை. டிவியின் ஒற்றைக் கோணத்தில் அந்த வளைவு, தோள் சுழலும்போது நீள்வதுபோல் தெரியும். மேற்கையையும் முன்கையையும் தனித்தனி செக்மென்ட்களாக வைத்து முப்பரிமாணத்தில் அளந்தபோதுதான், எவ்வளவு வளைந்திருந்தது என்பதும் எவ்வளவு நீண்டது என்பதும் பிரிந்தன. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அந்தச் சோதனைகள் நடந்தன. பல பந்துவீச்சாளர்களை அளந்து பார்த்த பின் முழங்கை நீள்வதற்கு ஐசிசி 2005-இல் எல்லோருக்கும் 15 டிகிரி என்று எல்லை வைத்தது. முழங்கையின் அச்சு எது என்று வரையறுப்பதில் சில டிகிரி பிசகினால் ஒருவருடைய பிழைப்பே போய்விடும். மாடல் கட்டுபவருக்கு இருக்க வேண்டிய பயம் அது.

இன்று அப்படிப்பட்ட சோதனைக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவின் விளையாட்டு அறிவியல் மையத்துக்கு ஐசிசி அங்கீகாரம் கிடைத்திருக்கிறது.

எங்கே படிப்பது, எங்கே தேடுவது

இரண்டு வாசல் வழியாக ஆட்கள் வருகிறார்கள். மெக்கானிக்கல், பயோமெடிக்கல் பொறியாளர்கள் ஒரு வாசல்; அவர்களுக்குச் சமன்பாடு தெரியும், உடம்பு தெரியாது. உடற்கல்வி, பிசியோதெரபி படித்தவர்கள் இன்னொரு வாசல். அவர்களுக்கு நேர் எதிர். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் ஸ்போர்ட்ஸ் பயோமெக்கானிக்ஸில் எம்.எஸ்சி. நடத்துகிறது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் எடுத்த மனித இயக்கவியல் பாடம் என்பிடெல்லில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த வாசலில் வந்தாலும் முதலில் அதைப் பாருங்கள். அதே ஐஐடியில் விளையாட்டு அறிவியலுக்கும் பகுப்பாய்வுக்கும் தனி மையமே இருக்கிறது. பெங்களூரு ஐஐஎஸ்சியில் கேட் மதிப்பெண்ணோடு நுழைந்து, ரோபாட்டிக்ஸோ உயிர்ப்பொறியியலோ எடுத்தபடியே மனித இயக்கத்தை ஆய்வுப் பொருளாக்கிக்கொள்ள இடமுண்டு.

வேலை என்று வரும்போது பெங்களூருவின் வரைபடத்தை மனதில் வையுங்கள். மேற்கே ஞானபாரதி பக்கம் இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென் மையம். ஆணையம் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ் அனலிஸ்ட்’ என்ற பெயரில் பயோமெக்கானிக்ஸ் உட்பட பல பிரிவுகளுக்கு ஒப்பந்த ஆள் எடுப்பது வழக்கம். அதன் இணையதளத்தில் வேலை அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்தபடி இருங்கள். வடக்கே விமான நிலையத் திசையில் பிசிசிஐ 2024 செப்டம்பரில் திறந்த சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ். அதே வடக்கில், எலகங்காவுக்கு அப்பால் படுகோன்-திராவிட் விளையாட்டு மையம். ஞானபாரதியில் வாடகைக்கு இருந்துகொண்டு தேவனஹள்ளிப் பக்கம் வேலைக்குப் போவது தினமும் ஒரு மாவட்டம் கடப்பதற்குச் சமம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். கர்நாடகத்திலேயே, பல்லாரி மாவட்டம் விஜயநகரில் ஜேஎஸ்டபிள்யூ நடத்தும் இன்ஸ்பயர் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஸ்போர்ட் இருக்கிறது. ஊர் வெயில் கடுமை. ஆனால் வீரர்கள் அங்கேயே தங்கிப் பயிற்சி பெறுவதால் ஒரே ஆளைப் பல மாதங்கள் தொடர்ந்து அளக்கும் வாய்ப்பு நகரத்தில் கிடைக்காதது.

விளையாட்டுக்கு வெளியே கதவுகள் அதிகம், இதை ஒதுக்கிவிட வேண்டாம். ஐஐடி மெட்ராஸ் 2022-இல் வெளியிட்ட ‘கதம்’ செயற்கை முழங்காலின் பின்னால் பெங்களூருவின் மொபிலிட்டி இந்தியாவும் இருந்தது. அந்த முழங்காலுக்கும் ஈட்டி எறிபவரின் முழங்காலுக்கும் சமன்பாடு ஒன்றுதான். கார் நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகள், மோதலில் மனித உடல் என்ன ஆகும் என்று கணக்கிடுகின்றன. நடக்கும் ரோபோ செய்பவர்களும் தேடுவது இதே திறமையை. பொறியாளரான அனில் கும்ப்ளே தொடங்கிய ஸ்பெக்டாகாம், மட்டையில் ஒட்டும் சென்சாரை 2018-இல் கொண்டுவந்தது பெங்களூருவிலிருந்துதான். சென்சார் நிறுவனங்களுக்கு, சென்சாரில் பதிவான துடிப்பு எந்த மூட்டிலிருந்து வந்தது என்று சொல்லும் ஆள் வேண்டும். விளையாட்டில் ஒப்பந்தம் முடிந்த மாதம் உங்களுக்குச் சோறு போடப்போவது இவர்களாக இருக்கலாம்.

கோச் முன்னால்

கோச்சுக்கு இருபது வருட அனுபவம், உங்களுக்கு இருபது பக்க ரிப்போர்ட். ரிப்போர்ட்டை அவர் படிக்க மாட்டார். “சார், வலது தோள் ஒரு ஃபிரேம் முன்னாடியே திறக்குது” என்று ஒரு வரி சொல்லி, வீடியோவில் அந்த இடத்தை நிறுத்திக் காட்டுங்கள். அவர் “அது எனக்குத் தெரியும்ப்பா” என்றால் மகிழுங்கள்: உங்கள் மாடலும் அவர் கண்ணும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத நாளில் முதலில் மாடலைச் சந்தேகியுங்கள், பிறகு கண்ணை. இரண்டு கன்னட வாக்கியம் கற்றுக்கொண்டால் மைதான ஊழியர்கள் ஃபோர்ஸ் பிளேட் மேல் தண்ணீர் ஊற்றாமல் இருப்பார்கள்.

ஒருவருடைய உடல் தரவு அவருடையது. அணித் தேர்வாளர் கேட்டார் என்பதற்காக எடுத்து நீட்டக் கூடாது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. அகாடமிகளில் பலர் அந்த வயதுதான். ஒப்புதல் படிவம் வீட்டார் படிக்கும் மொழியில் இருக்கட்டும்.

அனுப்ப வேண்டியது

பயோடேட்டாவோடு ஒரே ஒரு புராஜெக்ட் இணையுங்கள். ஒரு பக்கம் போதும்: கேள்வி என்ன, எத்தனை செக்மென்ட், எந்த அட்டவணை, எந்த ஃபில்டர், உண்மைத் தரவோடு எவ்வளவு விலகல், எங்கே இந்த மாடலை நம்பக் கூடாது. நிரலை யாரும் இறக்கி ஓட்டும்படி பொதுவில் வையுங்கள். தொடை 10 சதவீதமா 14 சதவீதமா என்று கேட்டால் “எந்தக் கோட்டில் வெட்டியது?” என்று திருப்பிக் கேட்கத் தயாராக இருங்கள். நேரில் கூப்பிட்டால் எல்லாமே இணையம் இல்லாமல் ஓடும்படி லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போங்கள். மைதான அலுவலகத்தில் வைஃபை பாஸ்வேர்டு தெரிந்தவர் அன்றைக்கு லீவில் இருப்பார்.